ஒரு தேக்கரண்டி குளிர்கால ஏல்

ஃபாரஸ்ட் கேட்,
லண்டன்.
19.09.1993

என்றும் அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் ஊரைவிட்டுக் கிளாலிக் கடலைத் தாண்டிக் கொழும்புக்கு வந்துவிட்டீர்கள் என்று செய்தி வந்த அன்று, பள்ளிக்கூடக் கொப்பியில் திகதி எழுத வேண்டிய இடத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். வசந்தமலர் என்றால் யார் என்று ரீச்சர் கேட்டார். அம்மா என்றேன். அம்மாவின் பெயரை ஏன் திகதிக்குரிய இடத்தில் எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான் ஏழு வருடமாக நாள் எண்ணுவது உங்களை வைத்துத்தான் என்று.

எட்டு வயதில் அப்பாவோடு விமானம் ஏறினேன். பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்த அம்மப்பாவைப் பார்க்க நீங்கள் நின்றீர்கள். ஆறு மாதத்தில் வருவேன் என்றீர்கள். பிறகு சண்டையில் பாதை பூட்டப்பட்டது. அம்மப்பா இந்தச் சித்திரையில்தான் கண்ணை மூடினார். எனக்கு இப்போது பதினைந்து வயது. உங்கள் குரல் எனக்கு மறந்துவிட்டது அம்மா. அதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் எழுதிவிட்டேன்.

விசா நேர்முகத்தில் இரண்டு பக்கத்தாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதில்களை ஒப்பிடுவார்களாம். பக்கத்து வீட்டுத் தவநாயகி அன்ரி சொன்னார். அவருடைய தம்பி மனைவிக்கு வீட்டுக் கதவின் நிறம் தெரியாததால் ஒரு வருடம் பிந்தியதாம். ஆகவே கவனமாக மனப்பாடம் செய்யுங்கள். நாங்கள் சப்பாத்து தைக்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருக்கிறோம். கதவு நீலம். யன்னலைத் திறந்தால் ரயில் பாதை தெரியும். அப்பா தாடி வைத்திருக்கிறார், முன்பக்கம் கொஞ்சம் நரைத்துவிட்டது.

அப்பாவின் வேலை: பார்லி அரைக்கும் மில். ஆறு வருடமாக. காலை ஏழு மணி முதல் மூன்றரை வரை.

இதை அப்பா பின்னால் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இந்த ஒரு பதிலை மட்டும் இரண்டு தரம் வெட்டி எழுதியிருக்கிறேன், குறை நினைக்காதீர்கள்.

அன்பு மகள்
வதனா


வெள்ளவத்தை,
கொழும்பு.
14.10.1993

மகள் சந்திரவதனா அறிவது,

செவ்வாய்க்கிழமை நேர்முகத்துக்குப் போனேன். கதவு நீலம் என்றேன். ரயில் பாதை என்றேன். தாடி என்றேன். எல்லாவற்றுக்கும் அந்த வெள்ளைக்கார ஒபிசர் சரி போட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் உம்முடைய கணவருக்கு என்ன வேலை என்று கேட்டார்.

"பார்லி அரைக்கிற மில்" என்றேன்.

அவர் லண்டனிலிருந்து வந்த வேலைச் சான்றுத் தாளைப் பார்த்தார். திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். மூன்றாம் தரம் மொழிபெயர்க்க வந்த பிள்ளை என் பக்கம் குனிந்து, "அன்ரி, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. இதில ப்ரூவரி எண்டு கிடக்கு" என்றாள்.

"அது என்ன பிள்ளை?"

"பியர் காய்ச்சிற இடம், அன்ரி."

"அப்ப அது என்ர மனிசன்ர தாள் இல்லை. வேற ஆற்றையோ தாள் மாறி வந்திருக்கு" என்று சொன்னேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் மகள். மேசையில் தட்டிக்கூடச் சொன்னேன். உன் கடிதத்தைக் கைப்பையில் இருந்து எடுத்துக் காட்டினேன். அந்தப் பிள்ளை அதை வாசித்துவிட்டு மடித்துத் தந்தாள்.

கணவனுக்கு என்ன வேலை என்று தெரியாத பெண் மனைவிதானா என்பது அவர்களுடைய சந்தேகம். டிசம்பர் 16இல் இன்னொரு தரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் கடைசி. அன்றும் பதில் பிழைத்தால் விண்ணப்பக் கோவையை மூடிவிடுவார்கள்.

என் ஐயா குடித்தே அழிந்தவர். பாரிசவாதம் வந்ததும் அதனால்தான். நான் ஏழு வருடம் அவருடைய மலத்தை அள்ளினேன், உன்னைத் தூக்க வேண்டிய கையால். கொப்பர் விமானம் ஏறும் அன்று உன் தலையில் கை வைத்து எனக்குச் சத்தியம் செய்தார். குடிக்கமாட்டேன், குடி இருக்கும் இடத்தில் கால் வைக்கமாட்டேன் என்று. உன் தலை அது.

இப்போது கேட்கிறேன். பொய்யை அவர் சொன்னாரா, நீ சொன்னாயா? எழுத்து உன்னுடையது.

அவர் ரெலிபோன் எடுத்தால் நான் வரமாட்டேன் என்று லொட்ஜ் முதலாளி தில்லையம்பலத்தாரிடம் சொல்லிவிட்டேன். டிசம்பர் 20 வரைதான் கொழும்பில் தங்க எனக்குப் பொலிஸ் பதிவு. அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பக் கிளாலி வழி எனக்குத் தெரியும்.

அம்மா


ஃபாரஸ்ட் கேட்.
24.10.1993

அம்மா,

பொய்யை எழுதியது நான். அது பொய் என்று தெரிந்தே எழுதினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் சாக்குப்போல இருக்கும்.

அப்பா வேலை செய்வது ஒரு சின்ன ப்ரூவரியில். ரயில் பாலத்துக்குக் கீழே மூன்று வளைவுகளை அடைத்துக் கட்டியிருக்கிறார்கள். வந்த முதல் வருடம் எங்கும் வேலை கிடைக்கவில்லை. மழைக்கு அங்கே ஒதுங்கியபோது முதலாளி மிஸ்டர் டட்லி பீப்பா கழுவ ஆள் வேண்டும் என்றாராம். ஒரு கிழமைக்கு என்று போனவர்தான். பார்லி அரைப்பதும் அங்கே நடக்கிறது. அதனால் தான் சொன்னது முழுப் பொய் இல்லை என்று அப்பா தனக்குத் தானே சொல்லிக்கொண்டார் என்று நினைக்கிறேன். உங்களுக்கு அனுப்பிய எல்லாப் படங்களிலும் வெள்ளைச் சேட் போட்டு நிற்பாரே, அது கோயிலுக்குப் போகும் சேட். வேலைச் சேட்டைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால்தான் கொழுவுவார்.

ஆனால் அவர் குடிப்பதில்லை அம்மா. ஒரு துளி இல்லை. நான் ஏழு வருடம் அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'உன் தலை அது' என்ற இடத்தில் எழுந்து போய்விட்டார். படிக்கட்டில், சப்பாத்தைக் கழற்றாமல் இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"நீங்கள் எழுதுங்கோ அப்பா" என்றேன்.

"எதை எழுதிறது, பிள்ளை? அவ கேக்கிறது சரிதானே."

"குடிக்கிறேல்லை எண்டு எழுதுங்கோ."

"பாதிச் சத்தியம் காப்பாத்தினனான் எண்டோ எழுதிறது?"

பிறகு ஒரு தாள் எடுத்து 'மலர்' என்று மட்டும் எழுதினார். அரை மணித்தியாலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழித்துவிட்டார். நான் துண்டைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். இதோடு அனுப்புகிறேன். தயவுசெய்து எறியாதீர்கள்.

கிளாலிக்குப் போகாதீர்கள் அம்மா. அந்தக் கடலில் படகுகளுக்கு என்ன நடக்கிறது என்று நான் நூலகத்தில் பத்திரிகை பார்க்கிறேன். எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

வதனா


வெள்ளவத்தை.
09.11.1993

வதனாவுக்கு,

துண்டு கிடைத்தது. எழுத்து அவருடையதுதான்.

'குடிப்பதில்லை.' ஒரு குடிகாரனின் மகளுக்கு அந்தச் சொல் புதிதில்லை. ஐயாவும் அதைத்தான் சொல்லுவார், வாசற்படியில் விழுந்து கிடந்துகொண்டு. மணந்துதான் பார்த்தனான், கூட நிண்டவன் ஊத்திப்போட்டான், இருமலுக்கு மருந்து. எல்லாம் கேட்டாயிற்று. நீ பிள்ளை. தகப்பனுக்காகப் பேசுவாய். நானும் பேசியிருக்கிறேன்.

போன வியாழன் விடியப்புறம் இங்கே சுற்றிவளைப்பு. லொட்ஜில் இருந்த பதினொரு பேரையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் நிலத்தில் இருத்தினார்கள். பின்னேரம் வரைக்கும் இருந்தோம். ஏன் கொழும்புக்கு வந்தாய் என்று கேட்டபோது, டிசம்பர் 16 என்று போட்ட விசா ஒபிஸ் கடிதத்தைக் காட்டினேன். அது இருந்ததால் விட்டார்கள். பக்கத்து அறை அருமைநாயகி அக்காவிடம் அப்படி ஒன்றும் இல்லை. அவ இன்னும் வரவில்லை. அவவின் சேலை என் கொடியில் காய்கிறது.

எனவே லண்டனுக்கு வருவதா ஊருக்குத் திரும்புவதா என்ற கதை எனக்கு இப்போது விளையாட்டில்லை. பதினாறாம் திகதி அந்த மனிதர் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்பார். 'பியர் காய்ச்சுகிறார்' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு இருக்க என்னால் ஏலாது. அதற்கு மேல் ஒன்று கேட்டால் முழிப்பேன். தெரியாததைத் தெரிந்தமாதிரிச் சொல்லவும் மாட்டேன். ஒரு தரம் பொய்க்காரியாகியது போதும்.

ஆகவே நீ ஒன்று செய். அந்த இடத்துக்கு நீயே போ. அவர் சொல்வதைக் கேட்டு எழுதாதே. உன் கண்ணால் பார். காலையில் போனால் கை என்ன செய்கிறது, வாய் என்ன செய்கிறது, எல்லாம் எழுது. கெட்டதாக இருந்தால் கெட்டதையே எழுது.

அம்மா


ஃபாரஸ்ட் கேட்.
21.11.1993

அம்மாவுக்கு,

நேற்றுச் சனிக்கிழமை அப்பாவோடு போனேன். தமிழ்ப் பள்ளிக்கு லீவு சொன்னேன். பார்த்தவற்றை அங்கேயே கொப்பியில் குறித்துக்கொண்டேன். இப்போது அதைப் பார்த்து எழுதுகிறேன், ஒன்றும் கூட்டவில்லை.

பியரில் ஏல் என்று ஒரு வகை. அதிலும் நேற்று நான் பார்த்தது வருடத்துக்கு ஒரே ஒரு தரம் காய்ச்சும் குளிர்கால ஏல். கோடையில் யாரும் கேட்கமாட்டார்களாம். பார்லியை ஊறவைத்து, முளை கட்டவிட்டு, பிறகு வறுக்கிறார்கள். அந்த வறுத்த பார்லிக்கு மோல்ட் என்று பெயர். மற்ற மாதங்களில் இளமஞ்சளாக வறுத்ததைப் போடுவார்கள். இந்த ஏலுக்குக் கோப்பிக்கொட்டை நிறத்தில் வறுத்ததையும் சேர்ப்பார்கள். சாக்குக்குள் கை விட்டுப் பார்த்தேன். உங்கள் பார்சலில் வரும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் வறுத்த உளுந்தும் சேர்ந்த மணம். அப்பாவின் வேலைச் சேட்டில் ஆறு வருடமாக அந்த மணம்தான் இருந்திருக்கிறது. நான் அது லண்டனின் மணம் என்று நினைத்திருந்தேன்.

நேற்றுத்தான் இந்த வருடத்து ஏலைச் சுவைத்துப் பார்க்கும் நாள். இரண்டு பப் முதலாளிகள் வந்திருந்தார்கள். நிலக்கீழ் அறையில் பன்னிரண்டு பீப்பாக்கள். மேலே ரயில் போகும்போதெல்லாம் கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன. முதலில் அப்பாவின் வேலை. ஒவ்வொரு பீப்பாவிலும் கொஞ்சம் எடுத்து பல்புக்கு நேரே பிடித்தார். பால் விடாத சாயத் தேத்தண்ணி நிறம். வெளிச்சம் பட்டபோது ஓரத்தில் சிவந்தது. பிறகு கண்ணை மூடினார். இடது கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். தலையை ஒரு பக்கம் சரித்து, கன்னத்தைக் கிளாஸுக்கு மேலே கொண்டுபோய், மூக்கால் மணத்தை இழுத்துக்கொண்டு நின்றார். வாய்க்கு ஒருதரமும் கிளாஸ் போகவில்லை. நான் பன்னிரண்டு தரமும் பார்த்தேன்.

ஏழாவது பீப்பாவில் அதிக நேரம் நின்றார்.

"இதை அனுப்பாதேங்கோ மிஸ்டர் டட்லி. புளிக்கப் போகுது."

மிஸ்டர் டட்லி ஒரு மிடறு குடித்தார். "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, குலா."

"நாளைக்குத் தெரியும்."

பப் முதலாளி ஒருவர் சிரித்தார். "குடிக்காதவன் சொல்லி நாங்கள் குடிக்காமல் விடுவதா?"

"குடிப்பவர்கள் சொல்லி நான் மூன்று வருடம் நட்டப்பட்டவன்" என்று மிஸ்டர் டட்லி சொன்னார். சோக்கட்டியால் அந்தப் பீப்பாவில் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டார்.

இன்று காலை அதைத் திறந்து பார்த்தார்களாம். புளித்திருந்ததாம்.

சுவை எப்படி என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கமாகவும் இல்லை. நூலகத்தில் ஒரு புத்தகம் பார்த்தேன், அதில் ரொஃபி, பிஸ்கட், பழக்கேக் என்று இருந்தது. அதை வைத்து நீங்கள் அந்த ஒபிசரிடம் என்ன சொல்வீர்கள்? அதனால் ஒரு காரியம் செய்தேன். நீங்கள் கோபிக்கப் போகிறீர்கள் என்று தெரியும். கெட்டதாக இருந்தால் கெட்டதையே எழுது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

மிஸ்டர் டட்லியிடம் ஒரு தேக்கரண்டி கேட்டேன். அப்பா, "வேண்டாம் பிள்ளை, கொம்மா அறிஞ்சால்" என்று தொடங்கினார். "அம்மா அறியிறதுக்குத்தான் அப்பா" என்றேன். அவர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரே ஒரு தேக்கரண்டி. முதலில் நாக்கு நுனியில் இனிப்பு, பனங்கட்டிப் பாணி அடிப்பிடித்துக் கருகினால் வருமே, அந்த இனிப்பு. பிறகு பாண் விளிம்பு கருகிய ருசி. நடுநாக்கில் முந்திரிகைப்பழ வற்றல்போல ஒன்று வந்து போனது. விழுங்கியபின் கசப்பு, பாவற்காய் அளவுக்கு இல்லை, வல்லாரை அளவு. அது ஹொப்ஸ் என்ற காய்ந்த பூவின் கசப்பாம். கடைசியாக நெஞ்சில் ஒரு சூடு, வேர்க்கொம்புக் கோப்பியின் சுக்குக் காரம்போல. அந்தச் சூடு எனக்குப் பிடித்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அது ஏன் அம்மப்பாவைக் கொண்டுபோனது என்று எனக்கு அப்போது கொஞ்சம் விளங்கியது. இனிக் குடிக்கமாட்டேன்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போது அப்பா, "நீ கேட்டது சரி, பிள்ளை. ஆனா நான் உன்னை அங்க கூட்டிக்கொண்டு போனது பிழை" என்றார்.

வதனா


ஃபக்ஸ்: இராஜேந்திரன் ஸ்ரோர்ஸ், கிரீன் ஸ்ட்ரீட், அப்டன் பார்க்
பெறுபவர்: திருமதி வசந்தமலர் குலசேகரம். லொட்ஜுக்குப் பக்கத்துத் தொடர்பு நிலையத்தார் தயவுசெய்து உடனே கொடுக்கவும்.
11.12.1993

அம்மா,

மூன்று கிழமையாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. என் கடிதம் வந்ததா, நத்தார் வாழ்த்து மட்டைக் குவியலில் எங்காவது கிடக்கிறதா தெரியவில்லை. லொட்ஜ் ரெலிபோன் அடிக்கிறது, எடுப்பதில்லை. பதினாறாம் திகதிக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. நான் எழுதிய சுவையை அடுத்த தாளில் அப்படியே திரும்ப எழுதியிருக்கிறேன்.

ஆனால் இப்போது அதைவிடப் பெரிய ஆபத்து வந்துவிட்டது.

போன திங்கட்கிழமை நூலகப் படிக்கட்டில் உறைபனி. வழுக்கி விழுந்தேன். தலையில் காயம், மூன்று தையல். பெரிதில்லை, வாசிக்க முடிகிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் என் தலையில் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் செத்துவிட்டது. மறுநாள் மிஸ்டர் டட்லியிடம் போய் வேலையை விடப்போவதாகச் சொல்லிவிட்டார். கடைசிக் குளிர்கால ஏல் பீப்பா போகும் நாள் 17ஆம் திகதி வெள்ளி. அன்றோடு முடிவு. வேலையைப் பாதியில் விட்டால் அது இன்னொரு பாவமாம்.

"வேலை இல்லாட்டி அம்மாவுக்கு விசா இல்லை அப்பா. ரெண்டு பேரை வைச்சுப் பாக்க உங்களால ஏலும் எண்டு காட்டவேணும்."

"தெரியும்."

"பிறகேன்?"

"சத்தியம் செய்தது உன்ர தலையில, பிள்ளை. இந்தமுறை மூண்டு தையல்."

"அது என்ர தலை. நான் விட்டுத்தாறன்."

"நீ விடேலாது. வாங்கினவதான் விடவேணும்."

பனியில் எல்லாருக்கும் கால் வழுக்கும் என்று சொன்னேன். எங்கள் வகுப்பில் மட்டும் இரண்டு பேருக்குக் கை முறிந்தது என்று சொன்னேன். தவநாயகி அன்ரியைக் கொண்டு சொல்வித்தேன். எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் முடிந்துவிட்டன அம்மா. எத்தனை புத்தகம் வாசித்திருக்கிறேன், ஒன்றும் உதவவில்லை.

உங்களுக்கு அவரிடம் கோபம் இருக்கட்டும். பத்து வருடம் பேசாமல் இருங்கள், ஆனால் இங்கே வந்து பேசாமல் இருங்கள். இந்த ஒன்றை மட்டும் விட்டுத்தாருங்கள். நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் இராஜேந்திரன் மாமாவின் கடையில் ஃபக்ஸ் பக்கத்தில் நிற்பேன்.

வதனா


ஃபக்ஸ்: வெள்ளவத்தை
பெறுபவர்: செல்வி சந்திரவதனா, மேற்பார்வை இராஜேந்திரன் ஸ்ரோர்ஸ்
16.12.1993

மகள்,

காயம் காய்ந்துவிட்டதா? தையல் வெட்டியாயிற்றா? தலையை நனைக்காதே. அதை முதலில் எழுது.

உன் கடிதம் மூன்றாம் திகதியே வந்துவிட்டது. நான் பதில் போடவில்லை. ஒரு தேக்கரண்டி என்ற இடத்தில் கடிதத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திரும்ப எடுத்தேன். அப்போதுதான் இடது கை என்ற இடம் கண்ணில் பட்டது.

உனக்கு அது தெரியாது, நீ சின்னப்பிள்ளை. கொப்பருடைய ஐயாவின் திவசத்துக்கு அவர்தான் சமைப்பார். படைக்க முதல் யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. தவறியும் நாக்கில் படாமல் இருக்க இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தலையைச் சரித்து, கன்னத்தில் ஆவி பட நிற்பார். ஆவியிலேயே உப்புக் காணாது என்று சொல்லிவிடுவார். ஒருதரமும் பிழைத்ததில்லை. அந்த நிற்கையை நீ கற்பனை செய்து எழுத ஏலாது. நான் வேறொருவருக்கும் சொன்னதில்லை.

இன்று அந்த ஒபிசர் கேட்டார். "உம்முடைய கணவருக்கு என்ன வேலை?" நான் எழுந்து நின்று செய்து காட்டினேன். கையை வாயில் பொத்தி, தலையைச் சரித்து. மொழிபெயர்க்கும் பிள்ளை சிரிப்பை அடக்கினாள். ஒபிசர் சிரிக்கவில்லை. அந்த ஏல் எப்படி இருக்கும் என்று கேட்டார். கருகின பனங்கட்டிப் பாணி, பாண் விளிம்பு, வல்லாரைக் கசப்பு, நெஞ்சில் வேர்க்கொம்புச் சூடு என்று சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"நீர் குடித்துப் பார்த்தீரா?"

"இல்லை. என்ர பிள்ளை ஒரு தேக்கரண்டி பாத்தது. எனக்குத் தெரியவேணும் எண்டு."

"நல்ல சாமான் என்று நினைக்கிறீரா?"

"இல்லை சேர். அது என்ர ஐயாவைத் திண்டது. ஆனா என்ர மனிசன் அதை வாயில வைக்காமல் என்ர பிள்ளையை வளர்த்திருக்கிறார்."

பிறகு, "இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறாரா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு 'ஓம்' என்று ஒரு சொல் போதும் மகள். உன் ஃபக்ஸ் என் மடியில் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன் என்று உனக்கு எழுதியவள் நான்.

"இண்டைக்குச் செய்யிறார். நாளையோட விடப்போறாராம்" என்றேன். ஏன் என்றும் சொன்னேன், சத்தியத்தையும் மூன்று தையலையும். அந்தப் பிள்ளை மொழிபெயர்க்கக் கஷ்டப்பட்டாள். நான் சொன்னேன், "ஆனா விடமாட்டார். இங்கயிருந்து நேர பக்ஸ் அனுப்பப் போறன். நான் சொன்னால் விடமாட்டார்."

"நிச்சயமாகவா?"

"அவர் என்ர மனிசன் சேர்."

அவர் நெடுநேரம் எழுதினார். திங்கட்கிழமை அந்த ப்ரூவரிக்குத் தானே ரெலிபோன் எடுப்பாராம். கொப்பர் அங்கே இருந்தால் விசா. இல்லாவிட்டால் இல்லை. என் பொலிஸ் பதிவும் அன்றோடுதான் முடிகிறது.

இனி வருவது உனக்கில்லை. கொப்பரிடம் கொடு.

இஞ்சருங்கோ. பிள்ளையின் தலையில் வாங்கின சத்தியத்தை நான் விட்டுவிட்டேன். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். குடிக்கமாட்டேன் என்ற பாதி அப்படியே இருக்கட்டும். மற்றப் பாதியை நான் கேட்டிருக்கக் கூடாது, குடி இல்லாத இடம் எங்கே இருக்கிறது. திங்கட்கிழமை வேலைக்குப் போங்கோ.

மலர்


ஃபாரஸ்ட் கேட்.
20.12.1993, திங்கள்

அம்மா,

இதில் ஒரு இடத்திலும் வெட்டி எழுதவில்லை. இந்தமுறை பொய் இல்லை.

உங்கள் ஃபக்ஸ் வியாழன் பின்னேரம் வந்தது. இராஜேந்திரன் மாமா அதை உறையில் போட்டு ஒட்டித் தந்தார். "நான் ஒண்டும் படிக்கேல்லை, பிள்ளை" என்றார். பிறகு என் பின்னால் கதவு வரை வந்து, "கொப்பரிட்டைச் சொல்லு, தேங்காயும் உடைச்சாச்சாம், இனி யோசிக்க ஒண்டுமில்லை" என்றார்.

அப்பா அதை நின்றபடியே வாசித்தார். கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். மடித்துச் சேட் பையில் வைத்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீப்பாக்களை ஏற்றிவிட்டு வந்தார், திங்கட்கிழமை போவாரா என்று மட்டும் சொல்லவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். மிஸ்டர் டட்லி வேறு ஆள் எடுத்துவிட்டாரா என்று கேட்கப் பயமாக இருந்தது.

இன்று காலை ஆறரைக்குக் கதவுச் சத்தம் கேட்டது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். வேலைச் சேட் இல்லை.

பள்ளிக்கூட விடுமுறை, அதனால் நானும் பின்னால் போனேன். அப்பா நிலக்கீழ் அறைக்குள் இறங்கிவிட்டார். நான் மேலே, மிஸ்டர் டட்லியின் மேசைக்குப் பக்கத்தில், ரெலிபோனைப் பார்த்தபடி சாக்கில் இருந்தேன். எட்டு மணி. எட்டரை. உங்கள் ஊரில் மத்தியானம் தாண்டிவிட்டது. உங்கள் பதிவு முடிய இன்னும் எத்தனை மணித்தியாலம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது. ரயில் போகும்போதெல்லாம் மணி அடிப்பதுபோல இருந்தது. ஒன்பது பத்துக்கு உண்மையாகவே அடித்தது.

மிஸ்டர் டட்லி எடுத்தார். கொழும்பா என்று கேட்டார். பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஆறு வருடம் என்றார். ஓம், இன்றைக்கும் என்றார். பிறகு அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். மிஸ்டர் டட்லி ரிசீவரைக் கையால் மூடி, படியால் எட்டிக் கீழே பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பல்புக்குக் கீழே அப்பா, இடது கை வாயில், தலை சரிந்து, கண் மூடி.

மிஸ்டர் டட்லி ரிசீவரிலிருந்து கையை எடுத்தார்.

"இருக்கிறார், ஐயா. ஆனால் இப்போது கூப்பிட முடியாது. வாய் பொத்திக்கொண்டு நிற்கிறார்."

அந்தப் பக்கம் இன்னொன்று கேட்டார்கள், அவர் திரும்பவும் கீழே எட்டிப் பார்த்தார். பிறகு மிஸ்டர் டட்லி, "ஓம், இடது கைதான்" என்றார்.

வதனா